அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு இனி வருவாயில் பங்கு. பாலக்காடு, இடுக்கி மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

பாலக்காடு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகளில் ஆடும் மாணவர்கள், 2025 ஜூலை 1 முதல் தங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வருவாயில் நேரடியாகப் பங்கு பெறத் தொடங்கியுள்ளனர். நூறாண்டுக்கும் மேலாக "மாணவர் ஊதியத்துக்கு ஆடக்கூடாது" என்று கூறிவந்த அமைப்பு, நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட உடன்பாட்டால் ஏற்பட்ட மாற்றம் இது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கு அமெரிக்கக் கால்பந்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கல்லூரி மாணவரின் உடல் உழைப்பைக் கொண்டு நிறுவனங்கள் புள்ளிகளும் கோப்பைகளும் சேர்க்கும் வழக்கம் இந்த இரு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. இங்கே அந்த விளையாட்டு தடகளம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, கே.எம். பீனாமோள், பிரீஜா ஸ்ரீதரன் ஆகியோரின் வாழ்க்கை இந்த இரு மாவட்டங்களில் ஒன்றையேனும் தொட்டுச் செல்கிறது. அங்கே வீரருக்குப் பணமாகக் கிடைப்பது, இங்கே எந்த வடிவில், யாருக்கு, எப்போது கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கையால் ஆடப்படும் கால்பந்து

அமெரிக்கக் கால்பந்து என்பது நம்மூர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே ஆட்டம். ஓர் அணிக்கு 11 பேர். ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பதற்கு 'டச் டவுன்' என்று பெயர். அதற்கு 6 புள்ளிகள். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்துகொண்டு ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துவது ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டதே.

முதல் கல்லூரி ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடைபெற்றது. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஆட்டம் முரட்டுத்தனமாகி, மாணவர்கள் உயிரிழக்கும் நிலை ஏற்பட்டது. 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதைத் தொடர்ந்து 1906-இல் உருவான அமைப்பே, இன்று என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

உயர்நிலை அணி ஒன்றின் பருவம் ஆகஸ்ட் மாத இறுதியில் தொடங்கும். பெரும்பாலும் சனிக்கிழமைகளில், மொத்தம் 12 ஆட்டங்கள். டிசம்பரில் வட்டார இறுதிப் போட்டிகள். அதன் பிறகு தேசியச் சாம்பியனைத் தேர்வு செய்யும் 'பிளே ஆஃப்' சுற்று. நான்கு அணிகளாக இருந்த இந்தச் சுற்று 2024 பருவத்தில் 12 அணிகளாக விரிவாக்கப்பட்டது. அதன் முதல் இறுதி ஆட்டத்தில், 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில், ஒஹாயோ ஸ்டேட் அணி நோட்டர் டேம் அணியை 34-23 என வென்றது.

இது மாணவர் விளையாட்டுதான் என்றாலும் அளவு வேறு. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி பாலக்காடு நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தால், ஏறக்குறைய நகரம் முழுவதுமே அந்த ஒரு மைதானத்தில் அமர்ந்துவிடலாம்.

ஊதியம் எப்படி வந்தது?

நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமம், சட்டை விற்பனை என எல்லாவற்றிலும் பணம் புரண்டபோது, ஆடியவருக்குக் கிடைத்தது கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவை அடங்கிய உதவித்தொகை மட்டுமே. உயர்நிலை அணி ஒன்று 85 பேருக்கு இவ்வாறு வழங்கலாம் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. பயிற்சியாளர்கள் கோடிக்கணக்கில் ஊதியம் பெற்றனர். மாணவர் தம் கையெழுத்திட்ட பந்தை விற்றால்கூட விதிமீறல்.

2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தங்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துச் சங்கம் அமைக்க அனுமதி கோரினர். மறு ஆண்டு தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதில் தலையிட மறுத்தது. திருப்பம் 2021-இல் வந்தது. கல்வி தொடர்பான கூடுதல் பயன்களுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்திருந்த உச்சவரம்பு, வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 21 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்து நாட்களில், அதாவது ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெற வழி திறந்தது.

அடுத்த கட்டம்தான் 'ஹவுஸ்' வழக்கு. முன்னாள் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸின் பெயரால் அறியப்படும் இவ்வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் அளித்தார். இதன்படி ஒரு பல்கலைக்கழகம் 2025-26 கல்வியாண்டில் 2.05 கோடி டாலர் வரை, அதாவது சுமார் 175 கோடி ரூபாய் வரை, தன் மாணவ வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். 2016 முதல் ஆடியவர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடும் உண்டு. கால்பந்து அணியின் உறுப்பினர் எண்ணிக்கைக்கு 105 என்ற வரம்பு வந்தது.

இதில் சிக்கலும் உண்டு. பணத்தின் பெரும்பகுதி ஆண்கள் ஆடும் கால்பந்துக்கே போகிறது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது முரணானது என்று வீராங்கனைகள் சிலர் இழப்பீட்டுப் பங்கீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்தனர். பாலக்காடு, இடுக்கியின் கதையைப் படிக்கும்போது இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே வரலாறு படைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மெர்சி கல்லூரியிலிருந்து டெல்லி வரை

இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்தை வேரூன்றச் செய்யும் முயற்சி ஒன்று நடந்தது. 'எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' என்ற தொடரின் முதல் பருவ ஆட்டங்கள் 2012-இல் கொழும்பில் நடத்தப்பட்டு, பின்னர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. புனே மராட்டாஸ் அணி பட்டம் வென்றது. தொடர் நிலைக்கவில்லை. கல்லூரி, பல்கலைக்கழகம் என்ற அடித்தளம் இல்லாமல் மேலிருந்து கட்டப்பட்ட தொடர் அது. தடகளத்துக்கு அந்த அடித்தளம் கேரளத்தில் உண்டு.

கண்ணூர் மாவட்டம் ஒற்றத்தை கிராமத்தில் பிறந்த எம்.டி. வல்சம்மா, படிப்புக்காக பாலக்காடு மெர்சி கல்லூரிக்கு வந்தார். 1964-இல் தொடங்கப்பட்ட மகளிர் கல்லூரி அது. அங்கே பயிற்சியாளர் ஏ.கே. குட்டி அவரைத் தடை ஓட்ட வீராங்கனையாக உருவாக்கினார். 1979-இல் புனேயில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பதக்கம் வென்றதே அவரது முதல் பெரிய அடையாளம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். 1970-இல் பாங்காக்கில் கமல்ஜித் சந்து தொடங்கிவைத்த, ஆசிய விளையாட்டில் தனிநபர் தடகளத் தங்கம் வென்ற இந்தியப் பெண்களின் வரிசையில் அவரும் சேர்ந்தார். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் தொடர்ந்தன.

அவரது ஊதியம் எங்கிருந்து வந்தது? தெற்கு ரயில்வேயிலிருந்து. கல்லூரியிலிருந்து அல்ல. இந்த வேறுபாடுதான் இரு நாட்டு முறைகளையும் பிரிக்கும் கோடு. அமெரிக்காவில் கல்லூரியே சந்தை. இந்தியாவில் கல்லூரி என்பது, அரசு வேலைக்கான பதக்கத்தைத் தேடித்தரும் இடைக்கால நிலையம்.

இதே தடத்தில் இடுக்கியின் ராஜாக்காட்டைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரனும் நடந்தார். மலையிறங்கி, கோட்டயம் மாவட்டம் பாலாவில் உள்ள அல்போன்சா கல்லூரியில் படித்தார். ரயில்வேயில் பணி கிடைத்து பாலக்காட்டுக்கு வந்தார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தை 31 நிமிடம் 50.47 வினாடிகளில் ஓடித் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். இடுக்கியில் பிறந்து, கோட்டயத்தில் படித்து, பாலக்காட்டில் பணியாற்றி, சீனாவில் தங்கம் பெற்றவர் அவர். இவற்றில் எந்த ஊர் அவரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டால் எல்லா ஊரும் கை உயர்த்தும்.

இடுக்கி தொடுபுழாவில் பிறந்த ஷைனி வில்சனும் அல்போன்சா கல்லூரி மாணவியே. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதிக்கு முன்னேறினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற முதல் பெண் அவர். 1995-இல் சென்னையில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 59.85 வினாடிகளில் முடித்தார். இரண்டு நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது சென்னை மண்ணில்தான். இந்திய உணவுக் கழகப் பணியில் அவர் நீண்ட காலம் சென்னையில் இருந்தார்.

கொம்பொடிஞ்ஞால் என்ற இடுக்கி மலைக் கிராமத்திலிருந்து வந்த அக்காள், தம்பி கதை இன்னொன்று. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் கே.எம். பீனாமோள் 800 மீட்டரிலும் 4x400 தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார், தம்பி கே.எம். பினு ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்.

இங்கே பருவம் எப்படி நடக்கிறது?

பாலக்காட்டுக் கல்லூரிகள் 1968-இல் தொடங்கப்பட்ட கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழும், இடுக்கிக் கல்லூரிகள் 1983-இல் தொடங்கப்பட்ட கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. இரு மாவட்டங்களுக்கும் பொது எல்லை இல்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் உள்ளன. இரண்டையும் இணைப்பது தமிழ்நாட்டு எல்லைதான். பாலக்காட்டுக்குக் கோவையும் நீலகிரியும், இடுக்கிக்குத் தேனியும் திருப்பூரும் அண்டை மாவட்டங்கள். சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ்த் துறை இருப்பது இந்த எல்லையின் அடையாளம்.

கல்லூரிப் பருவம் ஜூன், ஜூலையில் மழையோடு தொடங்கும். மண் மைதானம் சேறாகும் அந்த வாரங்களில் உடல்வலுப் பயிற்சியே பெரும்பாலும் நடக்கும். மழை ஓய்ந்ததும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் முன்னிலை பெறுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, அகில இந்திய அளவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குச் செல்வர். 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இதற்கு மேல் இன்னொரு படி. எல்லா விளையாட்டுகளின் புள்ளிகளையும் கூட்டி, முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது.

அமெரிக்க வீரருக்கு வாரம் ஒரு ஆட்டம். ஒரு வாரம் தோற்றால் அடுத்த வாரம் மீளலாம். கல்லூரித் தடகள மாணவரின் ஓராண்டு உழைப்போ சில நொடிகளில் முடிந்துவிடும். தகுதிச் சுற்றில் தவறான தொடக்கம் ஒன்று போதும். அந்தப் பருவம் முடிந்தது. மதிப்பெண் பட்டியலில் அந்த ஆண்டுக்கு எதுவும் சேராது. பருவத் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வருவது இரு நாட்டு மாணவர்களுக்கும் பொதுவான தலைவலி.

பாலக்காட்டுக்கு இயற்கை வைத்த தனிப் பாடம் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கணவாய் வழியே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வறண்ட கிழக்குக் காற்று வீசும். குறுகிய தூர ஓட்டம், நீளம் தாண்டுதல் ஆகியவற்றில் பின்புறக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால், அந்த அளவு சாதனையாகக் கணக்கில் கொள்ளப்படாது. பயிற்சியில் தாண்டிய தூரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை இங்குள்ள தாண்டுதல் வீரர்கள் விரைவிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

பள்ளியிலேயே தொடங்கும் ஆள் சேர்ப்பு

அமெரிக்கப் பயிற்சியாளர்கள் உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் வீரர்களைத் தேடி அலைவதைப் போல, கேரளத்திலும் கல்லூரி அணியின் விதை பள்ளியில்தான் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் பறளி, முண்டூர், குமரம்புத்தூர் பள்ளிகள் தடகளத்துக்குப் பெயர் பெற்றவை. நெடுங்காலம் எர்ணாகுளம் மாவட்டம் கோலோச்சிய மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில், 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பாலக்காடு பட்டம் வென்றது. இடையில் இரண்டு ஆண்டுகள் கொரோனாவால் போட்டி நடைபெறவில்லை. 2024-இல் கொச்சியில் மலப்புரம் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது.

எர்ணாகுளத்தின் வலிமைக்கு அடித்தளம், கோதமங்கலத்தில் உள்ள மார் பேசில், செயின்ட் ஜார்ஜ் பள்ளிகள். கோதமங்கலம் இடுக்கி மலைப்பாதையின் அடிவாரம். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் விடுதி வசதிக்காக அங்கே சேர்வதும், அவர்கள் பெறும் புள்ளி எர்ணாகுளத்தின் கணக்கில் ஏறுவதும் பழைய வழக்கம். கல்லூரி நிலையில் இந்த இடப்பெயர்வு மாநில எல்லையையும் தாண்டுகிறது. கர்நாடகத்தின் மூடபித்ரியில் உள்ள ஆல்வாஸ் கல்லூரி, பிற மாநில மாணவர்களுக்கும் இலவசக் கல்வியும் விடுதியும் அளித்து மங்களூரு பல்கலைக்கழகத்தைத் தடகளத்தில் முன்னணிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2018 முதல், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர் தம் பெயரைப் பதிவு செய்ய ஓர் இணையப் பட்டியல் உண்டு. இங்கே அந்த வேலையை உடற்கல்வி ஆசிரியரின் கைப்பேசியே செய்துவிடுகிறது.

மூணாறைப் பொறுத்தவரை, மக்கள் கூடும் உண்மையான கால்பந்துப் பருவம் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. தேயிலைத் தோட்ட அணிகளுக்கு இடையே ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய ஃபின்லே கேடயக் கால்பந்து பழைய மூணாறு மைதானத்தில் இன்றும் நடைபெறுகிறது. அங்கே ஆடுபவர்களிலும் பார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினர். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்த மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் 2018 ஆகஸ்ட் மழையில் ஏற்பட்ட நிலச்சரிவில் சிதைந்தது. கட்டடமே இல்லாத கல்லூரிக்கு ஓடுதளம் பற்றிய கேள்வி எழுவதில்லை. மூணாறில் மாநில விளையாட்டு மன்றத்தின் உயர்மலைப் பயிற்சி மையம் இருக்கிறது. நெடுங்கண்டத்தில் அண்மை ஆண்டுகளில் செயற்கை இழை ஓடுதளமும் வந்திருக்கிறது. உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கு பயிற்சி பெறும் உடலில் சிவப்பணுக்கள் பெருகும். தொலைதூர ஓட்டத்துக்கு அது பயன் தரும். அப்படிப்பட்ட உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களே பயிற்சிக்காகக் கீழே இறங்க வேண்டியிருந்தது என்பதுதான் இடுக்கியின் விந்தை.

ஊதியம் எந்த வடிவில்?

இங்குள்ள மாணவ வீரருக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது, கூடுதல் மதிப்பெண். பள்ளி இறுதித் தேர்விலும் பிளஸ் டூ தேர்விலும் போட்டியின் நிலைக்கேற்ப 'கிரேஸ் மார்க்' சேர்க்கப்படுகிறது. இரண்டாவது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், மாநில விளையாட்டு மன்றத்தின் விடுதி வாய்ப்பும். விவசாயக் கூலி, தோட்டக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு முட்டையும் பாலும் இறைச்சியும் நாள்தோறும் உறுதியாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்த விடுதிதான். மூன்றாவது, அரசு வேலை. கேரள அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 பேரை நியமிக்கும் திட்டத்தை வைத்துள்ளது. ரயில்வே, காவல்துறை, வங்கி ஆகியவை தனி.

இந்த மூன்றில் மூன்றாவதை நம்பியே குடும்பங்கள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் ஆண்டுக்கு 50 என்ற கணக்கு ஆண்டுதோறும் நிறைவேறியதில்லை. பல ஆண்டுகளின் இடங்கள் சேர்த்து, காலம் கடந்து நிரப்பப்பட்டன. 2015-இல் கேரளத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில் குழுப் பிரிவுகளில் பதக்கம் வென்ற பலர், வேலை கோரி 2021-இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன்பு தலையை மொட்டையடித்துப் போராடினர். பதக்கத்துக்கும் போராட்டத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள். ஓட்ட வீரரின் உச்சகாலம் என்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீதிமன்றம் சென்ற வரலாறும் இங்கு உண்டு. ஆனால் பணத்துக்காக அல்ல. முண்டூரில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். அடுத்த மாதம் லண்டனில் நடைபெறவிருந்த உலகப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் அவரைச் சேர்க்குமாறு உத்தரவிட்டது. பெயர் அளிக்கும் கெடு முடிந்துவிட்டதைக் காட்டி உலகத் தடகளக் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. அமெரிக்க வீரர் வழக்கில் வென்று பங்குத்தொகை பெற்றார். பாலக்காட்டு வீராங்கனை வழக்கில் வென்றும் ஓட முடியவில்லை. சித்ரா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 2019 தோஹா ஆசியத் தடகளத்தில் மீண்டும் தங்கமும் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

காயம்பட்டால்?

இந்த ஒப்பீட்டில் அமெரிக்க முறை தெளிவாக முந்துவது ஊதியத்தில் அல்ல, மருத்துவத்தில். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரிகள், விளையாட்டில் ஏற்பட்ட காயங்களுக்கு மாணவர் கல்லூரியை விட்டு வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மோதலே ஆட்டமாக உள்ள ஒரு விளையாட்டில் இது தாமதமான விதி என்ற விமர்சனம் நியாயமானது. இருப்பினும் விதி என்று ஒன்று இருக்கிறது.

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டுதல் வீரர் எம். ஸ்ரீசங்கரின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. தந்தை எஸ். முரளி மும்முறைத் தாண்டுதல் வீரர், தாய் கே.எஸ். பிஜிமோள் 800 மீட்டர் ஓட்ட வீராங்கனை. பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்த ஸ்ரீசங்கர், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 8.08 மீட்டரும், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டரும் தாண்டி வெள்ளி வென்றார். அவரது சிறந்த அளவு 8.41 மீட்டர், தேசியச் சாதனையான தூத்துக்குடி மாவட்ட வீரர் ஜெஸ்வின் ஆல்ட்ரினின் 8.42 மீட்டரைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

2024 ஏப்ரலில் பயிற்சியின்போது ஸ்ரீசங்கரின் முழங்கால் தசைநாண் அறுந்தது. பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. தோஹாவில் அறுவை சிகிச்சை, நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு, 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டர் தாண்டி மீண்டு வந்தார். நாடறிந்த வீரர் என்பதால் இந்த வழி அவருக்குத் திறந்திருந்தது. கல்லூரிப் போட்டியில் நான்காமிடம் பெறும் மாணவிக்கு அதே தசைநாண் அறுந்தால், மாவட்ட மருத்துவமனையும் வீட்டாரின் கையிருப்புமே துணை. விடுதி இடம் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பது அவரது அடுத்த பருவ நேரத்தைப் பொறுத்தது.

எண்ணிக்கையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் மதிப்பீட்டின்படி, தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெறும் கல்லூரிக் கால்பந்து வீரர்களில் நூற்றுக்கு இருவர்கூட தேசியத் தொழில்முறைத் தொடரில் இடம்பெறுவதில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சுவது பட்டம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பதக்கம் வரை செல்லாத பெரும்பான்மையினருக்கு மிஞ்சுவதும் அதுவே. அந்தப் பட்டத்தின் தரம், போட்டிக்காகத் தவறவிட்ட வகுப்புகளைப் பின்னர் யாராவது எடுத்தார்களா என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

நான்காவது பருவம்

கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024-25 கல்வியாண்டில் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கின. விரும்புவோர் மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டத்துடன் வெளியேறலாம். தொடர்வோர் நான்காம் ஆண்டில் ஹானர்ஸ் பட்டம் பெறலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதே அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு நீண்ட காலமாக இருந்துவரும் கணக்கு. ஒரே கல்லூரியில் நான்கு பருவங்கள் என்ற அந்த வாய்ப்பு, கேரளத் தடகள மாணவருக்கும் இப்போதுதான் முதல் முறையாக வருகிறது.

முதல் தொகுப்பு மாணவர்கள் 2027-இல் மூன்றாம் ஆண்டை முடிப்பர். மூன்று ஆண்டுப் பட்டத்துடன் வெளியேறி வேலைக்கு விண்ணப்பிப்பதா, அல்லது இன்னொரு பருவம் ஓடி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரு பதக்கத்துக்கு முயல்வதா என்பதை அப்போது அவர்கள் முடிவு செய்ய வேண்டும். நான்காம் ஆண்டுக்கும் விடுதியும் உணவும் உண்டா என்ற கேள்விக்கான பதிலைப் பொறுத்தே, கூலி வேலை செய்யும் பெற்றோரின் முடிவு அமையும்.